பட்டறைக்கு மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் இனி வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலையாம். ஆர்டர் இல்லை. சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அவ்வளவுதான். நான்தான் மகளையும் உட்காரவைத்துச் சொன்னேன்: யாரிடமும் போய்க் கை நீட்டப்போவதில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம். கேபிள் வேண்டாம், பால் பாதி, மகளுக்கு நீச்சல் வகுப்பு நிறுத்தம். அவரவர் செலவில் அவரவர் ஒன்றைக் குறைக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ சொன்னா சரி" என்றார் அவர்.

என் தையல் கடைச் சம்பளம், அவருடைய நான்கு நாள் சம்பளம். முடியும். முடியாதா என்ன?

மார்ச் 8

கடையில் டீ குடிப்பதை விட்டுவிட்டேன். ஒரே தலைவலி.

மார்ச் 13

கேஸ் இந்த மாதம் தாங்குமா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. லேத் சத்தத்தில் பாதிக் காது போனவர்தான். அதற்குத்தான் மூன்று வருடமாகக் காதில் மெஷின் இருக்கிறதே! கேட்காமல் என்ன? கேட்க இஷ்டமில்லை.

முடி வெட்டிக்கொள்வதையும் நிறுத்திவிட்டார் போல. காதை மூடிக்கொண்டு வளர்ந்து கிடக்கிறது, சாமியார் மாதிரி. என் மேல் இருக்கிற கோபத்தை இப்படியா காட்ட வேண்டும்?

மார்ச் 16

நாத்தனார் போன் செய்தார். "தம்பி போனே எடுக்க மாட்டேங்கறான். ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி, வேலை அலுப்பு" என்று சமாளித்தேன். சண்டை போட்டால்தான் தேவலையே.

மார்ச் 20

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தம் போட்டேன். கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. "நானும் கத்திக்கிட்டே இருக்கேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்!" வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. யாரைப் பார்த்து எந்தப் பழமொழி! மகள் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் மெதுவாகத் திரும்பினார். சிரித்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார்.

பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 21

சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவர் தனியாகச் சாப்பிட்டார்.

மார்ச் 24



சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே தடதடவென்று சத்தம். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி மகள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறாள். "அப்பா, அப்பா" என்று கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. அவரோ கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரே ஒரு சுவர்.

தோளைப் பிடித்து உலுக்கிக் குளியலறையைக் காட்டினேன். பாய்ந்து போய் இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. மகள் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பொண்ணு உயிர் போற மாதிரி கத்தறா, என்னங்க மனுஷன் நீங்க!"

என் வாயையே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பஞ்சுக்குள்ளே மெஷின். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்றார்.

நான் அந்த டப்பாவைக் கையில் வாங்கினேன்.

"பேட்டரி சீக்கிரம் தீந்துடுது. எனக்குன்னு இருக்கற செலவு அது ஒண்ணுதான். அதான் பட்டறைக்கு மட்டும் போட்டுக்கறேன். அங்க மேஸ்திரி கூப்பிட்டுக் கேக்கலன்னா இருக்கற நாலு நாளும் போயிடும்."

"அப்ப வீட்ல?"

"வீட்ல எதைக் குறைக்கலாம்னுதானே பேச்சு. அது கேக்காமலே தெரியுது."

குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் —

பிறகு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடுவதற்கு யோசித்துக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். "அப்பாவுக்குக் கேக்கலடா."

மார்ச் 25

அந்தப் பழமொழியும் அவர் காதில் விழுந்திருக்காது. முதலில் அப்பாடா என்றிருந்தது. இதற்கா அப்பாடா என்கிறோம் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இந்த மூன்று வாரத்தில் செலவைத் தவிர அவரிடம் வேறு என்ன பேசினேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 28

காது மெஷின் கடைக்கு நானே போனேன். பேட்டரி எடுத்துக் கொடுத்த பெண்ணிடம் விசாரித்தேன். "மேல இருக்கற ஸ்டிக்கரை உரிச்சுட்டா காத்து பட்டு அதுவா தீர ஆரம்பிச்சுடும்க்கா. கழட்டி வெச்சாலும் பெருசா மிச்சமாகாது" என்றாள்.

பெரிதாக மிச்சமாகாது. அதற்காகவா மனிதர் தன் வீட்டுக்குள் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார்?

சொல்வதா வேண்டாமா என்று வழி முழுக்கக் குழப்பம். சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். காதில் இருந்த மெஷினை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மகள்தான் தன் போன் நெட் ரீசார்ஜைக் குறைத்துக்கொள்கிறேன் என்றாள். அந்தக் காசு பேட்டரிக்கு. இப்போதும் கடன் வாங்கவில்லை. ஆனால் முன்பு மாதிரி அதில் பெருமையாக இல்லை.

ஏப்ரல் 6

அடுத்த வாரத்திலிருந்து மூன்று நாள்தானாம். வந்ததும் சொல்லிவிட்டுக் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். வாடகை என்று வாய் வரைக்கும் வந்தது. வாடகைக்கு என்ன, நாளைக்கும் இருக்கும்.

"இன்னிக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தாருங்க" என்று ஆரம்பித்தேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. போன மாதம்தான் பேண்ட்டை இடுப்பில் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம். மறுபடி தூக்கிக்கொண்டு வந்து, உங்கள் தையல் சுருங்குகிறது என்று ஒரே ரகளை. முதலாளியம்மா ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து அந்த ஆளின் தொப்பையைச் சுற்றிக் கொண்டுவந்தார் —

மகள் குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். இவர் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போதும் போலிருக்கிறது என்று நிறுத்திவிட்டு, சாதம் போடக் கரண்டியை எடுத்தேன்.

அவர் தட்டைக் கையால் மூடினார்.

"இரு, இரு. அப்புறம்?"