ட்ராக்டரை நிறுத்தியது நான்தான், அண்ணை

கையில் எந்நேரமும் டீசல் மணக்கிற என் அண்ணைக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதில்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் போன சனிக்கிழமை வயலில் ஒன்று நடந்தது. அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

நீங்கள் மாசியில் போனீர்கள். பஸ் கராஜில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கதிரையில் சாய்ந்தார் என்றார்கள். ஆனி பிறந்தபோது, ஓர்பிங்டனுக்கு அப்பால் குதிரைத் தீவனப் புல்லுக்காக நீங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த ஆறு ஏக்கரிலும் புல் இடுப்பளவு நின்றது. லண்டன் எல்லைக்குள் இப்படியொரு வெளி இருப்பதை லூயிஷாமில் என் சிநேகிதிகள் இன்னும் நம்புவதில்லை. இந்த வருடம் விட்டுவிடுவோம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

"குதிரைக்காரருக்கு அவர் குடுத்த சொல்லு ஒண்டு இருக்கு, மாலினி. இந்த வருசப் புல்லைச் சுருட்டிக் குடுத்திட்டுத்தான் மற்றக் கதை" என்றார் அண்ணி. உங்கள் மனைவி. முப்பது வருடம் உங்களோடு இருந்து உங்கள் பிடிவாதத்தையும் பழகியவர்.

பக்கத்துப் பண்ணைக்காரர் புல்லை வெட்டித் தந்தார். மூன்று நாள் நல்ல வெயில். சனி பின்னேரம் மழை என்று கைபேசி சொன்னது. மத்தியானமே போய், அண்ணி உங்கள் பழைய ட்ராக்டரைச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்தார். அதன் ஸ்டார்ட்டர் செத்து எத்தனை வருடம், அண்ணை? உங்களைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்து, பின்னால் இழுபடும், புல்லை உருளையாகச் சுருட்டும் பேலரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவர் ஓட்டினார். சிதறிக் கிடந்த புல்லை வாரியால் வரிசைக்கு இழுத்துவிட்டபடி நான் நடந்தேன்.

நாலு உருளை ஒழுங்காக விழுந்தது. ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். ஒவ்வொன்று விழும்போதும் அண்ணி கையை உயர்த்திக் காட்டினார். மாசிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். ஐந்தாவதில் நூல் பிடிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியும்; வேறு யாராவது இதை வாசித்தால் விளங்குவதற்காக எழுதுகிறேன். பேலருக்குள் புல் சுழன்று சுழன்று உருளையாகும். நிறைந்ததும் அதைச் சுற்றி நூல் கட்டுப்பட வேண்டும். நம்முடைய பழைய பேலரில் சிலவேளை நூல் உள்ளே போய்ப் புல்லைப் பற்றாது. அப்போது ட்ராக்டரை நிறுத்திவிட்டுத்தான் பின்பக்கம் போக வேண்டும். நீங்கள் ஒருநாளும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் மறுபடி சரிவு வரைக்கும் யார் தள்ளுவது? ஓடவிட்டபடியே இறங்கிப் போவீர்கள். நூல் நுனியைக் கையில் சுற்றி, ஒரு பிடி புல்லோடு சேர்த்துப் பேலரின் வாய்க்குள் எறிவீர்கள். நூல் பற்றியதும் கையை உதறி எடுப்பீர்கள். நாங்கள் வேலியோரம் நின்று கைதட்டியிருக்கிறோம்.

அண்ணி இறங்கினார். கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிடக்கூட இல்லை.

"அண்ணி, முதல்ல மெசினை நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினா அவ்வளவுதான், மழை முந்திவிடும். உங்கட அண்ணை இப்பிடித்தானே செய்யிறவர்? நீர் தள்ளி நில்லும்."

அவர் கை பேலரின் வாய்ப்பக்கம் போவதைக் கண்டேன். அதற்குப் பிறகு ஓடியதுதான் நினைவிருக்கிறது. அண்ணியைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஆனால் இழுக்கும்போது எந்தப் பக்கம் விழுவாரோ என்று பயந்து, ட்ராக்டர் மேல் ஏறினேன். ஏறிய பிறகுதான் விளங்கியது, அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. எங்கள் கண் முன்னால் நீங்கள் ஒருநாளும் நிறுத்தவில்லையே! எழுத்தெல்லாம் அழிந்த மூன்று பிடிகள். முதலாவதை இழுத்தேன். இயந்திரம் இன்னும் பலமாக உறுமியது. அண்ணியின் குரல் கேட்டதா, என் குரல்தானா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஸ்டியரிங் சில்லுக்குக் கீழே ஒரு கம்பி வளையம் தட்டுப்பட்டது. என் முழுப் பலத்தையும் போட்டு இழுத்தேன்.

எல்லாம் அடங்கியது. எங்கோ ஒரு வானம்பாடி கத்திக்கொண்டிருந்தது.

"என்ன விசர் வேலை இது? ஏன் நிப்பாட்டினனீர்? இனி ஆர் இதைத் தள்ளுறது?" அண்ணி பேலரைப் பார்த்தபடியே ஏசினார். பிறகு என் பக்கம் திரும்ப முயன்றார். ஏலவில்லை. நூல் அவர் உள்ளங்கையில் இரண்டு சுற்று இறுகி, தந்திக் கம்பி போல விறைத்து உள்ளே போயிருந்தது. விரல்கள் வெள்ளையாகிவிட்டன. பேலரின் வாயிலிருந்த இரும்பு உருளைக்கும் அவர் விரலுக்கும் இடையில் என் ஒரு சாண் கூட இல்லை.

ட்ராக்டரில் கிடந்த உங்கள் பேனாக்கத்தியால் நூலை அறுத்தேன். அண்ணி புல்லிலேயே குந்திவிட்டார். மழை வந்தது. மிச்ச வரிசைகள் எல்லாம் எங்கள் கண் முன்னால் நனைந்தன.

அண்ணை, ஆய்வுகூடங்களில் என்னென்ன ஆபத்து நேரலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். முன்பின் தெரியாத பேராசிரியர்களுக்கெல்லாம் இது கூடாது, அது கூடாது என்று எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூத்தவருக்கு எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். நான் கைதட்டியதையும் பார்த்துத்தானே அண்ணி அதை ஒரு முறையாகப் பழகினார்? உங்கள் கையிலும் எப்போதாவது நூல் அப்படி இறுகியதா? வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிட்டீர்களா?

அடுத்த நாள் உங்கள் கராஜ் சிநேகிதர் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்து ட்ராக்டரைப் பார்த்தார். "ஊருலகத்துப் பஸ்ஸெல்லாம் திருத்தின மனிசன், தன்ர ட்ராக்டருக்கு ஒரு ஸ்டார்ட்டர் போடேல்லையே, தங்கச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மேல் இவ்வளவு கோபம் எனக்கு இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது.

புது ஸ்டார்ட்டர் போட்டாயிற்று. ஆவணியில் இரண்டாம் வெட்டு. அதையாவது விடச்சொல்லி மறுபடி கேட்டேன். அண்ணி கட்டுப்போட்ட கையால் தேநீர் ஊற்றியபடி, "பயமெண்டா நீர் வராதையும்" என்றார்.

"பயந்துகொண்டுதான் வாறன்" என்றேன். "ஆனா மெசின் நிண்டாப் பிறகுதான் நீங்கள் இறங்கலாம். அண்ணை எப்பிடிச் செய்தவரெண்டு இனி எனக்குச் சொல்லாதேங்கோ."

அண்ணி தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு, "ஓம்" என்றார்.

அந்த வயலில் இனி இயந்திரம் ஓடும்போது யார் பின்பக்கம் போனாலும் நான் கத்துவேன், அண்ணை. மூத்தவர், முறை தெரிந்தவர் என்று பார்த்துப் பேசாமல் நிற்க மாட்டேன். நீங்களே திரும்பி வந்து அந்த நூலைக் கையில் எடுத்தாலும் கத்துவேன். உங்களுக்கு நான் தரும் வாக்கு இது.

உங்களுக்குச் சொல்லாமலே விட்ட
உங்கள் தங்கை,
மாலினி