உதட்டில் மட்டும்

சோறும் குழம்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன. குழாய் ரிப்பேர்காரர் காலையில் வருவார்; சிங்க்குக்கு அடியில் ஒழுகும் இடத்தைக் காட்டுங்கள்.

முகத்துச் சிவப்பு மறுவுக்காக நான் லேசர் சிகிச்சைக்குப் போகிறேன். நேற்று, "எடுக்கறதுதான் எடுக்குற, கன்னத்துலயும் சேர்த்து முழுசா எடுத்துடேன்" என்றீர்கள். நான் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. பதில் இதுதான்: உதட்டில் மட்டும். அங்கே மறு தடித்துப்போய், பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது. கன்னத்துச் சிவப்பு என்னோடு பிறந்தது. அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நேற்றுவரை அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிரியம் என்று நினைத்திருந்தேன். பொறுத்துக்கொண்டிருந்தீர்களா?

லேசர் பட்ட இடம் சில நாள் கன்றிப்போய், அடிபட்ட மாதிரி இருக்குமாம். "என்னங்க, வீட்டுக்காரர் கை நீட்டிட்டாரா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். அப்புறம் உங்கள் பாடு.

சாவி செருப்பு அலமாரியில்.

ஓரத்தில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். சாயங்காலம் அழைத்துப்போக வருவதானால் வாருங்கள். காரில் உங்கள் பக்கம் இருக்கப்போவது அந்தக் கன்னம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரப் போவதில்லை.