எந்த ஏரியை முதலில் பார்ப்பது

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி எந்த மட்டில் இருக்கிறது? போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதுகிறேன்.

பத்து நாள் வந்தால் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டாயே. இங்கே ஏரியை விட்டால் வேறு சரக்கில்லை. கடைக்குத் தூண்டில் வாங்க வருகிறவர்கள் என்னை உள்ளூர்க்காரன் என்று நினைத்து வழி கேட்கிறார்கள். பெரிய ஏரியில் கூட்டம், காலையில் நாணல் ஏரிக்குப் போங்கள், வெயில் ஏறினால் மரப்பாலத்து ஏரி என்று கூசாமல் சொல்வேன். நான் போவது சரக்கு இறக்க மட்டும்தான்.

போன வாரம் நாணல் ஏரியில் அப்படி இறக்கும்போது கால் தவறித் தண்ணீரில் விழுந்தேன். ஒரு செருப்புதான் போனது. தூக்கிவிட்ட படகுக்காரர், "என்னய்யா, தூண்டில் விக்கிற ஆளு நீயே இரையா போயிட்டே? வீட்டுக்குச் சொல்லணும், நம்பர் குடு" என்றார். வாய் தானாகக் கடை நம்பரைச் சொன்னது. அடித்துப் பார்த்துவிட்டு, "யாரும் எடுக்கலையே" என்றார்.

"எடுக்கிற ஆளு நான்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறொன்றும் வரவில்லை.

வரும்போது பருத்தித் துண்டு இரண்டு எடுத்து வா. இங்கே விற்பவை ஈரத்தை வாங்குவதில்லை. போக வரச் சேர்த்து எடுத்தால் மலிவு என்பார்கள், கேட்காதே. டிக்கெட்டை ஒரு வழிக்கு மட்டும் எடு.

வழி கேட்க ஆள் நிற்கிறது. முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்