நவம்பர் மாதத்துக் கையெழுத்து

பூஜை விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண்கள் பென்சிலை விட்டு மைப் பேனாவுக்கு மாறும் நாள். அந்த வழக்கம் மட்டும் நாம் படித்த காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. நாற்பது பேரும் மைக்கூட்டைத் திறந்ததும் வகுப்பு முழுக்க அந்த வாடை எழுந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இருபது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் இந்த வாடை ஆகவில்லையே, என்ன ஜென்மமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் டீச்சர் வேலைக்கு வந்தபோது நீதான் முதலில் சிரித்தாய். நாம் படித்த பள்ளி இல்லை இது. கார்டன் ரீச் பக்கம், அதே மாதிரி கன்னியாஸ்திரீகள் நடத்தும் வேறொரு பள்ளி. போன வருஷம் நீ போனதிலிருந்து இங்கே ஒன்று நடக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். கரும்பலகையில் ஒரு வார்த்தையை எழுதுகிறேன். பெண்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று தடவை உரக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது தடவையில் ஒரு குரல் குறைகிறது. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துவிட்டேன், நாற்பது பேரும் வாயைத் திறந்துதான் இருக்கிறார்கள். ஆனாலும் ஏதோ ஒரு வாய் மூடியிருப்பது காதுக்குத் தெரிகிறது. இன்றும் அப்படித்தான்.

“காதால் கேள், வாயால் சொல், அப்புறம் கையால் எழுது.” நம் கையெழுத்து சிஸ்டர் போட்ட சட்டம் அது. எழுத்து, கணக்கு, நதிகளின் பெயர் எதுவானாலும் அந்தப் பள்ளியில் வாய் வழியாகத்தான் கைக்கு வர வேண்டும். மூன்று தடவை சத்தமாகச் சொல்லாமல் பேனாவைத் தொட முடியாது. சத்தம் ஒரு குரல் குறைந்தாலும் சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். குறைந்தது யார் என்பதும் தெரிந்துவிடும். நேராக வந்து பக்கத்தில் நிற்பார். அந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

காலை முதல் வகுப்பு உனக்கு நினைவிருக்கும். நடுவே மரத்தடுப்பை இழுத்துவிடுவார்கள். கிறிஸ்தவப் பெண்கள் பதினைந்து பேர் அந்தப் பக்கம் ஞானோபதேசம் படிப்பார்கள். நாம் எல்லோரும் இந்தப் பக்கம் மாரல் சயன்ஸ். கண்டெடுத்த பேனாவைத் திருப்பிக் கொடுத்த பையன், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பெண், இப்படி ஒரு கதை, கீழே ஐந்து கேள்வி. நமக்குப் பிடித்த பாடம், ஏனென்றால் பதில் எப்போதும் ஒன்றுதான், உண்மை பேச வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாவைப் பற்றியும் செத்தவர்களைப் பற்றியும் படித்தார்கள். நம் பாடத்திட்டத்தில் சாவு கிடையாது. அதனால் நவம்பர் மாதம் எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வருஷம் நீ காளி பூஜை முடிந்த கையோடு டைபாய்டில் படுத்தாய். உன் பெஞ்சில் உன் இடத்தை சிஸ்டர் காலியாகவே விட்டிருந்தார். டிராமில் நான் தனியாக வந்து போனேன். நவம்பர் முதல் வாரம், சிஸ்டர்கள் ஜெபம் செய்யும் சாப்பல் வாசலில் ஊதாக் காகிதம் ஒட்டிய பெட்டி ஒன்றை வைத்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கத்து டோரத்தி அதில் ஒரு துண்டுச் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கோவாக்காரர், சிஸ்டர்களுக்குச் சமைக்கிறவர், அவளுக்கு எல்லாம் தெரியும். என்ன இது என்று கேட்டேன். பெயரை எழுதிப் போட்டால் சிஸ்டர்கள் மாசம் முழுக்க அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்சம் உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பாள்.

பெயரைக் கொடுத்து வேண்டிக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்தது அர்ச்சனைதான். லேக் மார்க்கெட் பக்கத்துக் கோவிலில் உன் பிறந்தநாளுக்கு உன் அம்மா தட்டை நீட்டியபோது நானும்தானே கூட நின்றேன். “பேர் சொல்லுங்கோ, நட்சத்திரம் சொல்லுங்கோ” என்று குருக்கள் கேட்டாரே. அந்த நினைப்பில் உன் முழுப் பெயரையும் இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் அனுஷம் என்றும் எழுதினேன். நட்சத்திரம் இல்லாவிட்டால் வேண்டுதல் வேறு யாருக்காவது போய்விடுமே என்று கவலை எனக்கு. பெட்டியில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் கையெழுத்துப் பாடமே அந்தப் பெயர்கள்தான். மத்தியானம் இரண்டரை மணி வகுப்பு. சிஸ்டர் பட்டியலைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார், குடும்பப் பெயர் முதலில். அனுஷம், அதற்கப்புறம் உன் பெயர். வருகைப் பதிவேட்டில் உன் பெயர் பாதிதான் இருந்தது, முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. அதனால் சிஸ்டருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு அனுஷம் குடும்பத்துப் பெண் என்று நினைத்துவிட்டார். நாற்பது பேர் மூன்று தடவை உன் பெயரைச் சொன்னோம். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா. வகுப்பே சேர்ந்து உனக்கு அர்ச்சனை பண்ணுகிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். தினமும் அதே பட்டியல், எழுத்து சீராக வரும் வரை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, டோரத்தி தன் நோட்டில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டி, இது எங்கள் தாத்தா, ஈஸ்டருக்கு முன்னால் செத்துப் போனார் என்றாள். அப்படியானால் மற்றவர்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “எல்லாரும் செத்தவங்கதான், நவம்பர் அவங்க மாசமாச்சே. உயிரோட இருக்கறவங்க பேரை யாராவது போடுவாங்களா?”

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். தெரு முழுக்கக் கரி அடுப்புப் புகை. உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“உள்ளே வராதேடீ கொழந்தே, ஒட்டிக்கும்.”

“எப்படி இருக்கா மாமி?”

“காத்தால பரவாயில்லை. மத்தியானம் ரெண்டரை ஆச்சுன்னாதான் பயமா இருக்கு. பல்லைக் கிட்டிச்சுண்டு, கண்ணை இறுக்க மூடிண்டு கெடக்கா. என்னடீன்னு கேட்டா, நெறைய பேர் கூப்பிடறாளாம், இவ பதில் சொல்ல மாட்டாளாம். கீழ்வீட்டு பெங்காலி மாஷிமா காளிகாட் கோவில்லேர்ந்து பூ கொண்டுவந்து தலைமாட்டுல வெச்சிருக்கா.”

நான் படி இறங்கியது எனக்கு நினைவில்லை. ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். உன்னை நான் கொன்றுகொண்டிருந்தேன், தினமும் மூன்று தடவை, அதுவும் அழகான கையெழுத்தில்.

சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. மேஜை வரைக்கும் போனேன், நோட்டைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். பயம், வேறென்ன. மாரல் சயன்ஸில் எப்போதும் முழு மார்க் வாங்குகிறவள் நான். உண்மையைச் சொல்லத் துப்பில்லாமல் இன்னொரு சீட்டு எழுதினேன், ‘அனுஷம் சாகவில்லை’ என்று. அதை அந்த ஊதாப் பெட்டியிலேயே போட்டேன். முதல் வாரத்தோடு சீட்டுகளை எடுத்துவிடுவார்கள், அதன்பிறகு பெட்டியைத் திறப்பதே இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாளும் உன் பெயர் பலகைக்கு வந்தது. நான் உதட்டை மட்டும் அசைத்தேன். சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். என் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, “உரக்க” என்றார். சொன்னேன். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் தனியாக, மூன்று தடவை. மணி இரண்டரை தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும்.

நீ பிழைத்தாய். மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ஒட்ட வெட்டிய தலையோடு, சட்டை தொளதொளவென்று, வந்து உன் இடத்தில் உட்கார்ந்தாய். என்னால் உன்னை நேராகப் பார்க்க முடியவில்லை. மத்தியானம் சிஸ்டர் பலகையில் உன் பெயரை எழுதினார். நீ அதைப் படித்தாய். வகுப்பு சொல்ல ஆரம்பித்தது. நீ பல்லைக் கிட்டித்துக்கொண்டாய். சிஸ்டர் வந்து நின்றார், மோவாயை நிமிர்த்தினார், “உரக்க” என்றார். நீ வாயைத் திறக்கவே இல்லை.  வகுப்பு முடிகிற வரை உன்னைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தார். டைபாய்டில் எழுந்த கால், நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்படியும் நீ சொல்லவில்லை.

திரும்பும்போது டிராமில் நீதான் பேச்சை எடுத்தாய். “ஜுரத்துல தினமும் கூப்பிட்டா. நம்ம கிளாஸ் மாதிரியே இருந்தது. ஒருநாள் ஒரே ஒருத்தி மட்டும் கூப்பிட்டா. அன்னிக்குத்தான் ப்ரெசன்ட் சிஸ்டர்னு சொல்லிடலாம்னு இருந்தது. சொல்லியிருந்தா போயிருப்பேன்.” நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். யார் அந்த ஒருத்தி என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் நாம் பெரியவர்களாகி, உனக்குக் கல்யாணமாகி சால்ட் லேக் குவார்ட்டர்ஸுக்குப் போய், எத்தனை பேசியிருப்போம். அதை மட்டும் பேசவில்லை.

என் வகுப்பில் இன்றுவரை கையெழுத்துக்கு மனிதர் பெயர் கிடையாது. நதி, மலை, பழம், இவ்வளவுதான். நவம்பரில் செத்தவர் பெயர் எழுதும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று தலைமை சிஸ்டர் ஒருமுறை கேட்டார். நான் ராஜினாமா எழுதிவிடுவேன் என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரத்தத்தில் கோளாறு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருந்தது. வலியில் உன் முகம் இத்தனூண்டு ஆகியிருந்தது.

“கூப்பிடேன்டீ,” என்றாய்.

“உன்கூடத்தானே பேசிண்டிருக்கேன்.”

“அப்படியில்லை. முழுப் பேரையும் நட்சத்திரத்தோட, மூணு தரம். முடியலைடீ. இந்தத் தடவை பதில் சொல்லிடறேன்.”

“என்ன பேச்சு இது” என்று ஆரஞ்சை உரித்தேன். 

“அன்னிக்கு நன்னாத்தானே கூப்பிட்டே.”

தோலும் சுளையுமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே கேட்டேன். “எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?”

“போர்டுல பார்த்த அன்னிக்கே. அந்தக் கிளாஸ்ல என் நட்சத்திரம் வேற எவளுக்குத் தெரியும்?”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா அழுவே. அப்புறம் என்கூட டிராம்ல வர மாட்டே. எனக்கு வேற யாருடீ இருந்தா?”

அழுதேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். நீ கேட்டதை மட்டும் செய்யவில்லை. நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். அதற்கப்புறம் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். இன்னும் ஒன்பது நாள் அந்த வலியோடு கிடந்தாய். எனக்காகவா, என்னாலா, தெரியவில்லை. கூப்பிடக் கூடாதபோது உரக்கக் கூப்பிட்டவள், கூப்பிடச் சொல்லி நீயே கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மடலில் உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். முதல் வரியாக அதைத்தான் எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. எழுதினால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.