கோட்டை வாசலிலிருந்து இரண்டு படி

அப்பா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றாகிறது. பிள்ளையின் பாவாடையில் அப்பியிருந்த ஒட்டுப்புல்லை இப்போதுதான் பிடுங்கி முடித்தேன். இன்று கோட்டைமலைக்குப் போயிருந்தோம். துணியில் இன்னும் சூடத்தின் வாசம். அந்த வாசம் வந்தால் எனக்குச் சாமி ஞாபகம் வராது. உங்கள் முதுகுதான் வரும்.

நீங்கள் போய் மூன்று வருடம். குறை சொன்னால் அம்மா, "செத்தவங்களப் பேசாத" என்கிறாள். உயிரோடு இருந்தபோதும் பேச விடவில்லை. பிறகு எப்போதுதான் பேசுவது?

நீங்கள் என்னை அந்த மலைக்குக் கூட்டிப்போனபோது எனக்கு ஆறு வயது. உச்சியில் அந்தப் பழைய மன்னர் கோட்டை. கூரையில்லாத மதில்கள், கல்லிடுக்கில் ஓணான்கள். இடிந்த வாசலில் நிற்கும் மாடனுக்குச் சூடம் ஏற்றினீர்கள். "இனி அடிவாரம் வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா மாடன் கூடவே வந்துருவாரு" என்றீர்கள். பாதிப் படியில் என் காலில் முள் ஏறியது. உட்கார்ந்துவிட்டேன். அப்பா அப்பா என்று கத்தினேன். உங்கள் வெள்ளைச் சட்டை ஒருமுறைகூட நிற்காமல் பாறைக்குப் பின்னால் மறைந்தது.

ஆடு மேய்த்த ஒரு பெண்தான் என்னை இடுப்பில் தூக்கி வந்தாள். "ஏளா, ஒங்கப்பனுக்குக் காது கேக்காதோ? நீ போட்ட சத்தத்துல என் ஆடே மிரண்டுட்டு."

அடிவாரத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். "கேக்கலம்மா" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? கல்யாண வீடுகளில் அதை வேடிக்கைக் கதையாக்கினீர்கள். "எம்மவ ஒத்தையில கோட்டையக் காவல் காத்தால்லா." பந்தியே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கு உங்களை மன்னிக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்ததிலிருந்து நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பவள். ஸ்கூட்டர் ஓட்டும்போதுகூட. "ரோட்டப் பாரு, பிள்ள பின்னாலதான் இருக்கா" என்று இவர் கத்துவார். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, நேர்ச்சைக்கு என் வாயில் வந்ததும் உங்கள் மாடன்தான்.

இன்று சூடம் ஏற்றிவிட்டு இறங்கினோம். இவர் முன்னால் போய்விட்டார். பையைத் தோள் மாற்ற ஒரு நிமிடம் பிள்ளையின் கையை விட்டேன். பின்னால் "அம்மா" என்று ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்பினால் மாடனோடு காய்ச்சலும் வந்துவிடும் என்று பயம். எம்.எஸ்சி. படித்தவள். இரண்டு படி இறங்கினேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். பாவாடை உடைமுள்ளில் மாட்டி, அழுதுகொண்டு நின்றாள்.

"ஏம்மா ஒடனே வரல?"

"கேக்கலம்மா" என்றேன்.

எனக்கு நன்றாகக் கேட்டது, அப்பா.

உங்களுக்கும் கேட்டதுதானே? எனக்காகப் பயந்து திரும்பாமல் போனீர்களா, உங்களுக்காகவா? காலையில் எழுந்ததும் இவள் மறுபடி கேட்பாள். நான் பொய் சொன்னதைச் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.