கொழும்புக் கடிதம் வரும் நாட்கள்

நாகர்கோவில்,
14-10-1952

மதிப்பிற்குரிய திரு. முத்துநாயகம் அவர்களுக்கு,

தங்கள் மகள் தாணம்மாள் தங்கிப் படிக்கும் விடுதியின் பொறுப்பாசிரியை லீலாபாய் எழுதுவது. அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. கணக்கில் இம்முறையும் அவள்தான் முதல். என் எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஜூன் முதல் இங்கே கண்ணாடிச் சாமான்கள் உடைகின்றன. முதலில் அவள் படித்துக்கொண்டிருந்த விளக்கின் சிம்னி. சூட்டில் ஒரு சொட்டு நீர் பட்டிருக்கும் என்றேன். நான் சென்னையில் பௌதிகம் படித்தவள். அடுத்தது பூட்டிய அலமாரிக்குள் இருந்த சோதனைக் குழாய்கள். அவள் எதிரே நின்றாள், தொடவில்லை. சென்ற வாரம் ஜன்னல் கண்ணாடி வெடித்து, இசபெல் என்ற சின்னப் பெண்ணுக்குக் கன்னத்தில் மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

கேட்டால், "வேணும்னு செய்யல்ல டீச்சர். நெஞ்சுக்குள்ள என்னமோ முறுகும். பிறகு சத்தம் கேக்கும்" என்கிறாள்.

தேதிகளைக் குறித்துவைத்தேன். மூன்றும் தங்கள் கடிதம் வந்த நாட்கள். விடுதி வழக்கப்படி நான் படித்த பிறகே அவளிடம் கொடுக்கிறேன். மூன்றிலும் கொழும்பிலிருந்து ஊருக்கு வரப் பெர்மிட் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் நிச்சயம் வருவேன் என்றிருந்தது. தற்செயலாக இருக்கலாம். மூன்று முறையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஞாயிறன்று அவள் மாமன் நாராயணபெருமாள் அஞ்சுகிராமத்திலிருந்து வந்தார், அய்யாவைக் கும்பிடும் தாங்கலுக்கு அழைத்துப்போய் நெற்றியில் திருநாமம் இட்டுவர. அங்கே கும்பிடச் சிலை இல்லை, நிலைக்கண்ணாடிதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது உடைந்தால் அய்யாவையே உடைத்ததாகும் என்று தாணம்மாள் நடுங்குவாள் என நினைக்கவில்லை. "ஏட்டி, அய்யா என்ன சிம்னியா, பொசுக்குன்னு பொட்டிப் போகதுக்கு?" என்று மாமன் சிரிக்கப் பார்த்தார். அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை. அவர் தனியாகத் திரும்பினார்.

மாத முடிவுக்குள் தகப்பனார் வந்து பேசாவிட்டால் அவளை விடுதியில் வைத்திருக்க முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் கேட்கிறார்கள். அதிலும் தப்பில்லை.

இனி என் தப்பு. சில நாட்களாக அவளிடம் பேசுமுன் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. நேற்று அவள் கேட்டாள்: "இதெல்லாம் நம்பமாட்டேன்னு சொன்னியளே டீச்சர். பின்ன எதுக்கு என்னைக் கண்டதும் கழத்துதிய?"

டிராயரைத் திறந்தேன். எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் அழுதாள், இத்தனை மாதத்தில் முதல்முறையாக. இடது பக்கக் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. முன்பே இருந்து நான் கவனிக்காமலும் இருந்திருக்கலாம். அது வழியாகத்தான் இதை எழுதுகிறேன்.

வருவதானால் கப்பல் ஏறும் நாளை மட்டும் அவளுக்கு எழுதுங்கள். வர இயலாதென்றால், அல்லது அங்கே வேறு காரணம் உண்டென்றால், எனக்கு எழுதுங்கள். நானே அவளிடம் சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்றாமல் சொல்வேன்.

கடவுள் தங்களை நல்லபடியாகக் கரைசேர்க்கட்டும்.

இப்படிக்கு,
லீலாபாய்