காருக்கு முன்னால் விட்ட இடம்

அப்பா,

இன்று மத்தியானம் சாப்பிடப் போகலாமென்று கார் கதவைத் திறந்தேன். உங்கள் ஹெல்மெட் வாடை அடித்தது. ஆபீஸுக்கு வெளியே காலையிலிருந்து வெயிலில் நின்ற கார். தேங்காய் எண்ணெய், வேர்வை, கொஞ்சம் மாட்டுக் கொட்டகை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, போன ஞாயிற்றுக்கிழமை திதியும் கொடுத்தாயிற்று. ஹெல்மெட் மட்டும் பின் சீட்டில் அன்றைக்கு வைத்த மாதிரியே கிடக்கிறது.

நெஞ்சு வலியோடு நீங்களே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனீர்கள். "காத்துப் புடிச்சிருக்கு, மருந்து குடிச்சா சரியாயிரும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனீர்களாம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான் வேலை பார்க்கும் ரவாங்கிலிருந்து அடித்துப் பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் "தேங்க் யூ" என்றேன். கடையில் மிச்சக் காசை வாங்கிக்கொள்வது போலத்தான் சொன்னேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சபாக்கிலிருந்து வந்த அத்தை உங்கள் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் போத்தல் கொடுத்தேன், கூடாரக்காரருக்குப் போன் செய்தேன். "ஒத்தப் புள்ளைன்னு பொத்திப் பொத்தி வளத்தான். கல்லு மாதிரி நிக்குது பாரு" என்று அத்தை பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. சொல்வது சரிதானோ என்றுதான் யோசித்தேன். அந்த யோசனை இன்னும் என்னை விடவில்லை, அப்பா. உங்கள் மேல் எனக்கு இருந்தது பாசம்தானா, வெறும் பழக்கமா என்று இரவு தட்டைக் கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

நான் முதன்முதலாகக் கார் வாங்கி எஸ்டேட்டுக்கு ஓட்டி வந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, வந்துகொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னேன். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தால் சிம்பாங்கில் இருந்தீர்கள். தார் ரோடு முடிந்து செம்மண் பாதை பிரிகிற அந்த முனையில், முனியாண்டி கோயில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள், தலையில் ஹெல்மெட்டோடு. காரைச் சுற்றி ஒரு நடை வந்தீர்கள். டயரை உதைத்துப் பார்த்தீர்கள். பிறகு மோட்டாரைக் கிளப்பினீர்கள்.

"பின்னாலயே வா பாப்பா. முந்தாத."

"அப்பா, எனக்கு லைசன்ஸ் இருக்குப்பா."

"லைசன்ஸ் ஒனக்கு இருக்கு லா. மாட்டுக்கு இல்லியே."

செம்பனை மரங்களுக்கு நடுவே போகிற அந்தப் பாதையில் சாயங்காலமானால் நம் லயத்து மாடுகள் குறுக்கே படுத்துவிடும். இரண்டு பக்கமும் கால்வாய். ஹாரன் அடித்தால் ஒரு மாடும் எழுந்திருக்காது. நீங்கள் மோட்டாரை நிறுத்தி இறங்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டி, பேர் சொல்லித் திட்டி எழுப்புவீர்கள். "எந்திரிடி, மகாராணி. ரவாங்லேந்து மேடம் வந்திருக்காங்க." என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டீர்கள். ஆனால் அது எனக்கான கிண்டல் என்று மாட்டுக்கும் தெரியும்.

நான் வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதேதான். மழையென்றால் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பீர்கள். ஆயுசுக்கும் பழக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டிய மனிதர், மோட்டாரையும் டிராக்டர் மாதிரியேதான் ஓட்டினீர்கள். முதல் கியரில் உருட்டிக்கொண்டு பின்னால் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். உங்கள் பின்விளக்கு உடைந்து, சிவப்புப் பிளாஸ்டிக் ஒன்றை வெட்டி ஒட்டியிருந்தீர்கள். அது ஒரு பக்கம் பிய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். புது விளக்கு மாற்றுங்கள் என்றால், "நீ பாக்கத்தானே லைட்டு? தெரியுதுல்ல?" என்பீர்கள். முகத்துக்கு நேராக நாம் இரண்டு பேரும் அதிகம் பேசியதில்லை. உங்களை நினைத்தால் எனக்கு முகத்துக்கு முன்னால் முதுகுதான் வருகிறது.

உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அத்தை தடுத்தார். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைக்கப் போனான். நான் யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அந்தச் சவ வண்டிக்காரர் செம்மண் பாதையில் என்ன வேகம் போனார் தெரியுமா? புழுதியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹாரனை அழுத்தி மாடுகளை விரட்டிக்கொண்டே போனார். அந்த நாள் முழுக்க எனக்கு வந்த ஒரே உணர்ச்சி எரிச்சல்தான். எங்கள் அப்பா இப்படிப் போகமாட்டார், மெதுவாகப் போங்கள் என்று காருக்குள் தனியாகக் கத்தினேன். பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவை ரவாங்குக்குக் கூட்டி வந்துவிட்டேன். திதிக்கு மட்டும் லயத்து வீட்டைத் திறந்து படையல் போட வேண்டும் என்று அம்மா சொன்னார். அத்தை வந்து முதல் நாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாழை இலை, பூ, நீங்கள் விரும்பிச் சாப்பிடும் கருவாடு எல்லாம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போனேன்.

சிம்பாங்கில் காரை நிறுத்தினேன். முனியாண்டிக்கு ஒரு ஹாரன் அடித்தேன். ரேடியோவில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்டுக்கொண்டிருந்தேன். குறிப்பு முடிந்து விளம்பரம் வந்து, செய்தியும் வந்தது. எஸ்டேட்டில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பி ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார்.

"கக்கா, கெரெத்தா ரோசாக் கா?"

கார் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார். இல்லையென்று தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் நான் எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே உறைத்தது. சிமெண்டுப் படியைப் பார்த்தேன். யாரோ ஒரு சுருட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்போதாவது அழுதிருக்கலாம். வரவில்லை. காரைக் கியரில் போட்டேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். "ஹாரன் எப்பவோ கேட்டுச்சு. ஏன்டி இவ்ளோ நேரம்?"

"மாடும்மா."

காலை நேரத்தில் மாடெல்லாம் மேயப் போயிருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். பையை வாங்கிக்கொண்டார். படையல் போட்டோம். காக்காய்க்குச் சோறு வைத்தோம். அத்தை அழுதார், அம்மா அழுதார். நான் இலையை எடுத்தேன்.

சாயங்காலம் மூன்று பேரும் கிளம்பினோம். அம்மா முன்னால் உட்கார்ந்தார். அத்தை பின் சீட்டில், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில். வெயில் தாழ்ந்திருந்தது. பாதையில் அன்று ஒரு மாடுகூட இல்லை. நான் முதல் கியரில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "ஏன்டி இப்படி ஊர்ந்து போற? நான் சபாக் பஸ்ஸைப் புடிக்க வேணாமா? முன்னாடிதான் யாருமே இல்லியே."

கால் ஆக்ஸிலரேட்டரில் இறங்க மறுத்தது. வேண்டுமென்று செய்யவில்லை அப்பா, அந்தப் பாதையில் அதற்கு மேல் வேகம் எனக்குத் தெரியாது.

அம்மா திரும்பாமலே சொன்னார். "அவ அப்படித்தான் ஓட்டுவா, அண்ணி. அவரு முன்னாடி போவாருல்ல."

அத்தையைக் கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சிம்பாங் வந்து தார் ரோடு ஏறும் வரைக்கும் அதன் மேல் கையை வைத்திருந்தார். இறங்கும்போது அதை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாட்டை எழுப்ப நீங்கள் தட்டுவீர்களே, கிட்டத்தட்ட அதே தட்டு. அக்கா தம்பிதானே.

அழுகை இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் போகட்டும் என்று இப்போது தோன்றுகிறது. ரவாங் சாலையில் சாயங்கால நெரிசலில் எனக்குப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், ஏன் இவ்வளவு இடம் விடுகிறாய் என்று. நான் நெருங்குவதில்லை, அப்பா. ஒரு மோட்டார் போகிற அளவுக்கு முன்னால் விட்டுத்தான் ஓட்டுகிறேன்.